என்ஜினுக்காகக் காத்திருந்த போர் விமானங்கள்

1944-இன் பிற்பகுதியில் ஜப்பானின் ககாமிகஹராவில் இருந்த கவாசாகி தொழிற்சாலையில் விநோதமான நெரிசல். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் பொருத்திய போர் விமானங்கள் வரிசையாக நின்றன. மூக்கில் என்ஜின் மட்டும் இல்லை. அந்த ஓராண்டில் ஜப்பான் ஏறத்தாழ 28,000 விமானங்களைக் கட்டியது. ஆனாலும் கி-61 'ஹியென்' விமானத்துக்கு என்ஜின் செய்து மாளவில்லை.

அந்த என்ஜினின் மூலம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ். (அதே என்ஜினுக்கு ஜப்பானின் தரைப்படையும் கடற்படையும் தனித்தனியே உரிமம் வாங்கின. ஒரே நாட்டின் இரண்டு படைகள் என்றால் நம்பத்தான் வேண்டும்.) ஆறு ஆறாக இரண்டு வரிசைகளில் 12 சிலிண்டர்கள், அவற்றின் விசையையெல்லாம் தாங்கிச் சுழலும் நீண்ட கிராங்க் ஷாஃப்ட் ஒன்று. அது நீளம் முழுவதும் இம்மியும் பிசகாமல் இருக்க வேண்டும். பிசகினால் பேரிங் சூடேறி இறுகிவிடும். அத்தகைய தண்டுக்கு உறுதியான எஃகு வேண்டும், அந்த எஃகுக்கு நிக்கல் வேண்டும். நிக்கலோ கைவசம் குறைவு. தேர்ந்த கடைசல் தொழிலாளர்கள் பலர் ஏற்கெனவே போர்முனைக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு 1945 ஜனவரி 19 அன்று அகாஷியில் இருந்த என்ஜின் தொழிற்சாலைமீது அமெரிக்காவின் பி-29 விமானங்கள் குண்டு வீசின.

நல்லவேளையாக மாற்று வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. மிட்சுபிஷியின் ஹ-112 என்ஜினில் 14 சிலிண்டர்கள், ஏழு ஏழாக இரண்டு வட்டங்களில் தண்டைச் சுற்றி அமைந்திருக்கும். அதனால் தண்டு குட்டையானது, செய்வது எளிது. காற்றே குளிர்விப்பதால் ரேடியேட்டரும் குழாய்களும் தேவையில்லை.

சிக்கல் அகலத்தில்தான். ஹியென் உடலின் அகலம் 84 செ.மீ.; புது என்ஜினின் விட்டமோ 122 செ.மீ. அப்படியே பொருத்தினால் என்ஜினுக்குப் பின்னால் படிபோல ஒரு பள்ளம் விழும். அங்கே காற்று சுழித்து விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஜப்பானிடம் ஜெர்மனியின் ஃபோக்கெ-வுல்ஃப் 190 விமானம் ஒன்று இருந்தது. ஒல்லியான உடலில் பருத்த என்ஜினைப் பொருத்தும் வித்தையை வடிவமைப்பாளர் தகேவோ தோயியின் குழு அதில் கற்றுக்கொண்டது. புகைபோக்கிக் குழாய்களை அந்தப் பள்ளத்திலேயே பின்னோக்கி அமைத்தார்கள். வெளியேறும் புகை சுழிக்கும் காற்றைத் தள்ளிவிட்டது.

1945 பிப்ரவரி 1 அன்று பறந்த இந்த ஒட்டுவேலைக்குப் பெயர் கி-100. உச்ச வேகம் சற்றுக் குறைந்தது. ஆனால் எடை 300 கிலோவுக்கு மேல் குறைந்ததால் சட்டென்று ஏறியது, லாகவமாகத் திரும்பியது, முக்கியமாக, வழியில் நின்று போகவில்லை. என் கணக்கில், திட்டமிட்டுச் செய்த ஹியெனைவிட வேறு வழியின்றிச் செய்த இதுவே சிறந்த விமானம்.

காத்திருந்த 275 கூடுகளும் இப்படி மாற்றப்பட்டன. அவை தீர்ந்ததும் புதிதாகவே கட்டத் தொடங்கினார்கள். நூற்றுச் சொச்சம்தான் முடிந்தது. ஜூனில் ககாமிகஹராமீதும் குண்டுகள் விழுந்தன.