பெனிபிட் கேப்: அந்த வெட்டு உங்களுக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள்

பிரிட்டனில் வருமானம் இல்லாதவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் அரசு தரும் மாத உதவித்தொகைதான் யூனிவர்சல் கிரெடிட். அதை வாங்குகிற சிலரின் மாதக் கணக்கில், வாடகைக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே வந்து, கீழே ஒரு வரியில் நானூறு ஐந்நூறு பவுண்டைக் கழித்திருப்பார்கள். அதுதான் பெனிபிட் கேப், அதாவது ஒரு வீட்டுக்கு வரும் அரசு உதவித்தொகைக்கு வைத்த உச்ச வரம்பு. நம் குடும்பங்களில் பலர் அந்த வரியைப் பார்த்ததும், ஏதோ ஃபாரத்தைத் தப்பாக நிரப்பிவிட்டோம், அபராதம் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அபராதம் இல்லை. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் பல வீடுகளில் அந்த வெட்டு விழுந்திருக்கவே கூடாது. அதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் சொல்வது தங்கள் வேலை என்று எந்த அலுவலகமும் நினைப்பதில்லை.

பின்னணியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 2013ல் கொண்டுவந்தபோது சொன்ன காரணம், வேலைக்குப் போகாத குடும்பம், வேலைக்குப் போகும் சராசரிக் குடும்பம் சம்பாதிப்பதைவிட அதிகமாக வாங்கக் கூடாது என்பது. அதற்காக ஆண்டுக்கு 26,000 பவுண்டு என்று வைத்தார்கள். 2016ல் லண்டனுக்கு 23,000, வெளியே 20,000 என்று குறைத்தார்கள். சராசரிச் சம்பளத்தோடு இருந்த தொடர்பைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். குறைந்த சம்பளக்காரருக்கு நியாயம் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறைந்த சம்பளக்காரருக்கும் பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிபிட் வருகிறது, வாடகை அதிகமானால் யூனிவர்சல் கிரெடிட்டும் வருகிறது. ஒருவருடைய மொத்த வரவை இன்னொருவருடைய சம்பளத்தோடு மட்டும் ஒப்பிட்டு அதை நியாயம் என்பது எனக்குச் சரியான கணக்காகத் தெரியவில்லை. சரி, அது அரசியல்வாதிகள் பாடு.

இப்போதைய வரம்பு 2023 ஏப்ரலில் வைத்தது. தம்பதி, அல்லது பிள்ளையோடு இருக்கும் தனிப் பெற்றோர் என்றால் லண்டனில் மாதம் 2,110.25 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,835. பிள்ளை இல்லாத தனி ஆளுக்கு லண்டனில் 1,413.92, வெளியே 1,229.42. யூனிவர்சல் கிரெடிட்டையும் சைல்ட் பெனிபிட்டையும் சேர்த்து உங்களுக்கு 2,600 வர வேண்டும் என்று கணக்கு வந்தால், லண்டனில் 489.75 பவுண்டை யூனிவர்சல் கிரெடிட்டில் கழிப்பார்கள். வீட்டு உரிமையாளர் வாடகையில் அதைக் கழிக்க மாட்டார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2026 ஏப்ரலில் இருந்து இரண்டு பிள்ளைக்கு மேல் பணம் இல்லை என்ற விதி போய்விட்டது. மூன்றாவது பிள்ளைக்கும் பணம் வரப்போகிறது என்று வாட்சப்பில் சுற்றியது உண்மைதான். ஆனால் கேப் அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே வரம்பைத் தொட்டுவிட்ட குடும்பத்துக்கு அந்தப் பணம் மேல் வரியில் ஏறி, கீழ் வரியில் இறங்கிவிடும். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்களும் துணையும் சேர்ந்து மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை சம்பாதித்தால் கேப் கிடையாது. அந்தத் தொகை குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணி நேர வேலைக்கான சம்பளம். 2026 ஏப்ரலில் இருந்து மணிக்கு 12.71 பவுண்டு, எனவே மாதம் 881. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஊதியம் ஏறும்போது இதுவும் ஏறும். போன வருடம் 846 என்று கேட்ட ஞாபகத்தில் இருக்காதீர்கள்.

இங்கேதான் முதல் பொறி. ‘16 மணி நேரம் செய்தால் போதும்’ என்று ஜாப் சென்டரில் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில்) சொல்வார்கள். விதியில் இருப்பது மணி நேரம் இல்லை, மாதத்தில் கையில் வந்த தொகை. துப்புரவு வேலை, கேர் வேலை, சூப்பர் மார்க்கெட் வேலையில் பலருக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறைதான் சம்பளம். 16 மணி நேரம், 12.71, நான்கு வாரம், பெருக்கிப் பாருங்கள்: 813.44. 881க்குக் கீழே! வருடத்தில் ஒரு மாதம் இரண்டு சம்பளம் விழும்போது மட்டும் தப்பிப்பீர்கள், மற்ற மாதமெல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டே ‘வேலைக்குப் போகாதவர்’ வெட்டை வாங்குவீர்கள். இதை எதிர்த்து ஒரு தாய் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், 2021ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஆகவே நியாயம் கேட்டுப் பயனில்லை, மணி நேரத்தைக் கூட்டுங்கள். அதோடு பென்ஷனுக்கு என்று பிடிக்கும் தொகையையும் கழித்த பிறகுதான் அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள், சம்பளம் இந்த அளவைத் தொட்டாலே முதலாளி தானாக பென்ஷனில் சேர்த்துவிடுவார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், குறைந்தபட்ச ஊதியத்தில் நான்கு வாரச் சம்பளக்காரர் வாரம் 18 மணி நேரமாவது செய்தால்தான் பத்திரம். தம்பதிக்கு இருவர் சம்பளமும் சேரும் என்பதால், கணவர் 10, மனைவி 8 என்றாலும் சரிதான்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வேறொரு தொல்லை. டிசம்பரில் கிறிஸ்துமசுக்கு முன்பே சம்பளம் போட்டுவிடுவார்கள், அது ஒரே கணக்கு மாதத்தில் இரண்டு சம்பளமாக விழும், அடுத்த மாதம் பூஜ்யம், உடனே கேப். இதைச் சரிசெய்ய, ஒரு சம்பளத்தை அடுத்த மாதத்துக்கு நகர்த்த யூனிவர்சல் கிரெடிட் அலுவலகத்துக்கு 2020லேயே அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். கேட்டால்தான் செய்வார்கள். உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பகுதியான ஜர்னலில் எழுதிக் கேளுங்கள்.

சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு: மினிகேப் டாக்சி ஓட்டுகிறவர், சின்னக் கடை வைத்திருப்பவர் இவ்வளவு சம்பாதிக்கிறார் என்று ஒரு தொகையை அலுவலகத்தில் அவர்களாகவே வைத்துக்கொண்டு யூனிவர்சல் கிரெடிட்டைக் குறைப்பார்கள். அந்தக் கற்பனை வருமானம் குறைப்பதற்குத்தான், கேப்பிலிருந்து விடுபட அது கணக்கில் வராது. உண்மையான லாபம் 881ஐத் தொட வேண்டும். இதைப் படித்துக் கோபம் வந்தால் ஆச்சரியமில்லை.

கையில் காசாகச் சம்பளம் வாங்குகிறவர்களிடம் நேராகவே சொல்கிறேன். முதலாளி பத்து மணி நேரத்துக்கு பே ஸ்லிப் கொடுத்து, மீதியை உறையில் போட்டுக் கொடுத்தால், அந்த உறைப் பணம் உங்களை கேப்பிலிருந்து காப்பாற்றாது, மாட்டினால் மோசடி வழக்கில் மாட்டுவது நீங்கள்தான். முழு மணி நேரத்தையும் கணக்கில் காட்டச் சொல்லுங்கள். பல வீடுகளில் அந்த உறையில் வருவதைவிடக் கேப்பில் போவது அதிகம்.

வேலை போனவர்களுக்கு ஒன்பது மாத அவகாசம் உண்டு. அதற்கு முந்தைய 12 மாதத்திலும், ஒவ்வொரு மாதமும், இப்போது 881 என்று இருப்பதுபோல் அந்தந்தக் காலத்தில் இருந்த சம்பளத் தொகைக்குக் குறையாமல் சம்பாதித்திருக்க வேண்டும். மகப்பேறு விடுப்பில் முதலாளி கொடுக்கும் சட்டபூர்வச் சம்பளமும் சம்பாத்தியமாகச் சேரும், அரசு தரும் மெட்டர்னிட்டி அலவன்ஸ் சேராது. யூனிவர்சல் கிரெடிட்டுக்கு நீங்கள் புதிது என்றால் பழைய சம்பளக் கணக்கு அவர்கள் கண்ணில் படாமல் போகலாம், நீங்களாகவே பே ஸ்லிப்களை அனுப்புங்கள். ‘கொஞ்ச நாள் சேமிப்பில் சமாளிப்போம், பிறகு விண்ணப்பிப்போம்’ என்று மானத்துக்குப் பயந்து காத்திருப்பவர்கள் கவனிக்கவும்: ஒன்பது மாதம் வேலை போன நாளிலிருந்து ஓடும், விண்ணப்பித்த நாளிலிருந்து இல்லை.

சம்பாத்தியம் இல்லாமலும் கேப்பிலிருந்து விடுபடலாம். நம் வீடுகளில் மிக அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான். உங்களுக்கோ, துணைக்கோ, உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கோ மாற்றுத்திறனாளி உதவித்தொகை வந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் கேப் கிடையாது. பெரியவர்களுக்கு பிப், பதினாறு வயதுக்குக் கீழே டி.எல்.ஏ. (ஸ்காட்லாந்தில் பெயர்கள் வேறு.) மிகக் குறைந்த அளவில் கிடைத்தாலும் போதும். ஆட்டிசம் என்று பள்ளிக்கூடமே கடிதம் கொடுத்த பிள்ளைக்கு டி.எல்.ஏ. போடாமல், ஊருக்குத் தெரிந்துவிடும், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இழுப்பார்கள் என்று அந்தக் கடிதத்தை அலமாரியில் வைத்திருக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். டி.எல்.ஏ. வாங்குவது ஊருக்குத் தெரியாது. டி.எல்.ஏ. பணம் ஒரு பக்கம், அதனால் நீங்கும் கேப் இன்னொரு பக்கம், இரண்டையும் சேர்த்து மாதாமாதம் விடுகிறார்கள்.

மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கும் வழி உண்டு. வயதானவருக்கு, கவனிப்பு தேவைப்படும் முதியோருக்கான அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கிடைத்தால் மட்டும் போதாது, அவர் உங்கள் கணக்கில் இல்லாததால் அது உங்கள் கேப்பைத் தொடாது. வாரம் 35 மணி நேரம் கவனிக்கிறேன் என்று மருமகள் தன் யூனிவர்சல் கிரெடிட்டில் கேரர் தொகையைச் சேர்க்க வேண்டும். அது சேர்ந்தால் கேப் நீங்கிவிடும். ‘அது வயசானா வர்றதுதானே, இதுக்கெல்லாமா பணம் கேட்பாங்க’ என்று சொல்லும் மாமியாரைச் சம்மதிக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம். ஆனால் அவர் பொது நிதி (அரசு உதவித்தொகை) வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விசாவில் வந்தவர் என்றால் அவர் பெயரில் எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள், முதலில் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

உடல்நிலை சரியில்லை என்று மருத்துவச் சான்று கொடுத்தவர்களுக்கு, வேலைக்கு முடியாது என்று வரும் முடிவிலேயே இரண்டு விதம் உண்டு. வேலைக்கும் முடியாது, வேலைக்கான தயாரிப்புக்கும் முடியாது என்றால் கேப் இல்லை. வேலைக்கு மட்டும் முடியாது, தயாரிப்புக்கு முடியும் என்றால் கேப் தொடரும். கடிதம் வந்ததும் ‘பாஸாகிவிட்டோம்’ என்று மடித்து வைக்காமல் எது என்று படியுங்கள்.

இதில் மிகக் கொடுமையானது கைக்குழந்தைக்காரர்களின் நிலை. ஒரு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் தனித்தாய் வேலை தேட வேண்டியதில்லை என்று அதே அரசாங்கம்தான் சொல்கிறது, வேலைக்குப் போகவில்லை என்று கேப் போடுவதும் அதே அரசாங்கம்தான். இதற்கு விலக்கு கிடையாது. உள்ளாட்சி அலுவலகமான கவுன்சிலின் உதவிதான் கேட்க வேண்டும்.

‘வாடகை குறைவான ஊருக்குப் போங்களேன்’ என்பது அடிக்கடி வரும் அறிவுரை. போகும் முன் வரைபடத்தைப் பாருங்கள். ஹாரோ, இல்ஃபோர்ட், குரோய்டன் லண்டன் வரம்புக்குள் வரும். வாட்ஃபோர்ட், ஸ்லவ், டார்ட்ஃபோர்ட் வெளியே. எல்லையைத் தாண்டினால் குடும்பத்துக்கான வரம்பு மாதம் 275.25 பவுண்டு குறையும். வாடகை அதைவிட அதிகமாகக் குறையாவிட்டால் வீடு மாறியும் கையில் மிஞ்சுவது குறைவுதான்.

தப்பாக கேப் போட்டிருந்தால், போனில் பேசி விட்டுவிடாதீர்கள். போனில் ஒருவர் ‘சரிசெய்துவிடுகிறோம்’ என்பார், அடுத்த மாதம் வேறொருவர் ‘அப்படி எதுவும் பதிவில் இல்லை’ என்பார். ஜர்னலில் எழுதுங்கள்: இந்த உதவித்தொகை இந்தத் தேதியில் இருந்து கிடைத்தது, எனவே கேப் பொருந்தாது, முடிவை மறுபரிசீலனை செய்யவும். ஆங்கிலம் சரியில்லை என்று தயங்க வேண்டாம், மூன்று வரி போதும், அவார்ட் கடிதத்தின் படத்தையும் சேர்த்துவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் கேட்பது நல்லது. ஜர்னலில் விடாப்பிடியாக இருங்கள். பிப், டி.எல்.ஏ. மறுத்தால் அதற்கு மேல்முறையீடு உண்டு, கண்டிப்பாகச் செய்யுங்கள். அது பழைய தேதியிலிருந்து கிடைத்தால், அந்தக் காலத்தில் கேப்பில் போன பணத்தையும் திருப்பிக் கேட்கலாம், அதையும் நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

எந்த விலக்கும் இல்லையென்றால் கவுன்சிலில் வீட்டு வாடகை உதவி கேளுங்கள். ஸ்காட்லாந்தில் கேப்பில் போவதை இந்த வழியாக ஈடுகட்டுகிறார்கள். இங்கிலாந்தில் டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமென்ட் என்று இருந்தது 2026 ஏப்ரலில் கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்டுக்குள் போய்விட்டது, பழைய பெயரில் தேடி ‘இப்போது அது இல்லை’ என்று கேட்டுத் திரும்பி வராதீர்கள். வரவு செலவு எழுதச் சொல்லும் இடத்தில், எல்லாம் சமாளிக்கிறோம் என்று காட்டும் பழக்கத்தை அங்கே விட்டுவிடுங்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தைச் செலவில் எழுதினால் முதலில் அதை நிறுத்துங்கள் என்பார்கள், அதற்கு ஒரு பதிலோடு போங்கள். கிடைப்பது சில மாதத்துக்குத்தான் இருக்கும். எந்த மாதத்தோடு முடிகிறது என்று கடிதத்தில் பார்த்து, அதற்கு முந்தைய மாதமே மறுபடி போடுங்கள், முடிகிறது என்று கவுன்சில் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லும் என்று இருக்காதீர்கள்.