கேமட்: நிற வீச்சு

மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றை விற்பனைக்காகப் படம் பிடித்தேன். மயில் கழுத்து நிறம். திருத்தும் மென்பொருளில், தறியில் பார்த்ததற்குக் கிட்டத்தட்ட அதே நிறம் தெரிந்தது. அதே கோப்பைக் கணினியின் சாதாரணப் படம்காட்டியில் திறந்தால், பத்து முறை துவைத்துக் காயப்போட்ட சேலை. நெய்தவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் எது எங்கள் சேலை?" என்று கேட்டார்.

இந்தச் சங்கடத்தின் நடுவில் இருக்கும் சொல் கேமட். அது பிறந்த இடம் சங்கீதம். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெட்சோ நகரத்துத் துறவி குய்டோ, லத்தீன் துதிப்பாடல் ஒன்றின் முதலசைகளைக் கொண்டு ஊட், ரே, மி, ஃபா, சோல், லா என்று சுரங்களுக்குப் பெயர் வைத்தார். ஆகக் கீழான சுரத்தின் குறி கிரேக்க எழுத்தான காமா. அதன் அசை ஊட். 'காமா ஊட்' சுருங்கிக் கேமட் ஆனது. பிறகு கீழ்ச் சுரத்தின் பெயர் முழுச் சுர வரிசைக்கும் ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் இது சினையாகுபெயர். இசைச் சொல் நிறத்துக்குத் தாவியதைப் பார்த்து நாம் வியக்கவும் முடியாது: தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 20 வண்ணங்களில் ஒன்றுகூடப் பச்சையோ சிவப்போ அல்ல, எல்லாம் சந்தம்.

நிறத்துறையில் கேமட் என்பது ஒரு கருவியோ, நிறங்களை எண்களால் குறிக்கும் முறையான நிறவெளியோ காட்டக்கூடிய நிறங்களின் முழுப் பரப்பு. 1996இல் வந்த எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியின் பரப்பு சிறியது. 1998இன் அடோபி ஆர்ஜிபி, பச்சைப் பக்கமும் நீலப்பச்சைப் பக்கமும் நீண்டு கிடக்கிறது. கோப்பில் இருப்பவை எண்கள். பச்சை 255 என்றால் 'இந்தப் பரப்பின் ஆகக் கூடிய பச்சை'. எந்தப் பரப்பு என்பதைக் கோப்போடு வரும் புரொஃபைல் என்ற குறிப்புதான் சொல்கிறது. என் கமரா அடோபி ஆர்ஜிபியில் இருந்தது. திருத்தும் மென்பொருள் புரொஃபைலைப் படித்தது. படம்காட்டி அதைப் பாராமல் எண்களை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டது. நிறம் வெளுத்தது. நிறம் கூடுதலாகக் காட்டும் புதிய திரைகளில் நேர்மாறு: எஸ்ஆர்ஜிபி படத்தை அப்படிக் காட்டினால் மாப்பிள்ளையின் முகமும் குங்குமமாகிவிடும்.

தமிழில் 'நிற வரம்பு' என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை. வரம்பு என்றால் வயலைச் சுற்றி நாம் நடந்துபோவது. கேமட் அதற்குள் கிடக்கும் வயல். 'நிற வீச்சு' என்பதே பொருந்தும். கணிதப் பாடத்தில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை வீச்சு என்றே படித்தோம். அதையும் விட, மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை எறிவதைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். வலை விரிந்து விழும் வட்டம் எவ்வளவோ அவ்வளவுதான் மீன். அப்பால் துள்ளுவது வாவியில் இருக்கிறது, வலையில் இல்லை. மென்பொருள் காட்டும் 'அவுட் ஆஃப் கேமட்' எச்சரிக்கையைத் தயங்காமல் 'வீச்சுக்கு வெளியே' எனலாம்.

படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலையும் பதித்து அனுப்பினேன். இப்போது இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே சேலை. முந்தானைக் கரையில் ஓடும் ஒரு பச்சை இழை மட்டும் இன்னும் தறியில்தான் இருக்கிறது.