‘சாப்பிட்டாயா?’ என்று ஏன் கேட்கிறோம்?

பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு நாள் முழுக்க வரும் செய்திகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் தகவல் என்று சொல்லத் தக்கது எவ்வளவு என்று பாருங்கள். விடிந்ததும் ரோஜாப்பூ படத்துடன் காலை வணக்கம். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகள். திருப்பூரில் இருப்பவர் மழை என்கிறார். சிங்கப்பூரில் இருப்பவர் இங்கேயும் மழைதான் என்கிறார். ஒருவர் மதியச் சாப்பாட்டைப் படமெடுத்துப் போட, ‘வற்றல் குழம்பா?’ என்று கேள்வி வருகிறது. படத்திலேயே பதில் தெரிகிறது, ஆனாலும் கேட்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு யாரோ யாரையோ ‘இன்னும் தூங்கவில்லையா?’ என்கிறார்கள். நாள் முழுவதையும் சலித்தாலும் புதிய செய்தி ஒரு பிடி தேறாது.

அதே குழுவில் ஒருவரின் அப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால், ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் நிற்க ஆள் கிடைக்கிறது, வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்குத் துணையாகப் போய்ப் படுத்துக்கொள்ளவும் ஒருவரின் மனைவி கிளம்பிவிடுகிறார். முன்னது வெட்டிப் பேச்சு, பின்னது நட்பு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்ப்பதே நம் வழக்கம். மானிடவியலும் உளவியலும் நூறாண்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பதைப் புரட்டினால், பின்னது பெரும்பாலும் முன்னதன் மேல்தான் நிற்கிறது என்று தோன்றுகிறது.

முதலில் இதைக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் போலந்தில் பிறந்த மானிடவியலாளர் பிரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. முதல் உலகப் போர்க் காலத்தில் நியூ கினிக்குக் கிழக்கே உள்ள டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி, அங்குள்ள மக்களோடு பழகியவர் அவர். வேலை முடிந்து மாலையில் கூடி உட்கார்ந்து அவர்கள் பேசிய பேச்சில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நலம் விசாரிப்பு, வானிலை, எல்லோருக்கும் தெரிந்ததைத் திரும்பச் சொல்வது, இவ்வளவுதான். எண்ணத்தை ஒருவர் மூளையிலிருந்து இன்னொருவர் மூளைக்குக் கடத்துவதுதான் மொழியின் வேலை என்ற கருத்து இந்தப் பேச்சுக்குப் பொருந்தவில்லை என்று 1923-ல் வெளிவந்த கட்டுரையில் அவர் எழுதினார். இப்படிப்பட்ட பேச்சு எதையும் தெரிவிப்பதற்காகப் பேசப்படுவதில்லை; பேசுகிறவர்களை ஒன்றாகக் கட்டிவைப்பதே அதன் வேலை. நாம் ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பதும் இந்த வகைதான். இல்லை என்று ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால், கேட்டவர்தான் ஒரு கணம் திகைத்துப்போவார்.

கட்டிவைக்கிறது என்றால் எப்படி? இதற்கு விடை தேடப் போனவர்கள் குரங்குகளிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

கோயில் மண்டபத்தில் குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சுத்தம் மட்டும்தான் நோக்கம் என்றால் அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. எத்தியோப்பிய மலைகளில் வாழும் கெலாடா போன்ற சில இனங்கள் பகல் பொழுதில் ஐந்தில் ஒரு பங்கு வரை இதில் செலவிடுகின்றன. தலபோயின் என்ற ஆப்பிரிக்கக் குரங்கினத்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1989-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பேன் பார்க்கப்பட்ட குரங்கின் மூளைத் தண்டுவட நீரில் எண்டார்பின் அளவு கூடுகிறது. உடல் தானே செய்துகொள்ளும் வலி நிவாரணி அது. அபினைப் போன்ற சுகத்தையும் தரும். மனிதத் தோலிலும், குறிப்பாக ரோமம் உள்ள இடங்களில், மென்மையான வருடலுக்கென்றே சில நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்றாக வேலை செய்கின்றன. அதைவிட வேகமாகத் தேய்த்தால் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. குழந்தையின் தலையை அம்மா கோதும் வேகம் ஏறக்குறைய இந்த எல்லைக்குள் இருக்கும்.

யார் யாருக்குப் பேன் பார்க்கிறதோ, சண்டை வரும்போது பெரும்பாலும் அவை ஒரு பக்கம் சேர்கின்றன. சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. பேன் பார்க்கும் கைகளால் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கவனிக்க முடியும். கூட்டம் பெரிதானால் நேரம் போதாது, இரை தேட வேண்டாமா? மனிதக் கூட்டம் பெரிதானபோது அந்த வேலையைப் பேச்சு எடுத்துக்கொண்டது என்பது பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராபின் டன்பரின் வாதம். வாயால் ஒரே நேரத்தில் மூன்று பேரைக் கவனிக்கலாம், கைகள் வேறு வேலை செய்யலாம். இயல்பான உரையாடல் வட்டம் நான்கு பேரைத் தாண்டினால் இரண்டாக உடைந்துவிடுகிறது என்பதையும் அவர் குழுவினர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் கொஞ்ச நேரம் நின்றாலே இதை நாமும் பார்க்கலாம். நம் கிராமத்துத் திண்ணைகளில் பெண்கள் தலைக்குப் பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசியபோது, பழைய முறையும் புதிய முறையும் ஒன்றாகவே நடந்திருக்கின்றன.

டன்பரின் பெயரோடு 150 என்ற எண்ணும் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. ஒரு மனிதரால் 150 பேரோடுதான் உறவைப் பேண முடியும் என்று, குரங்கினங்களின் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) அளவை வைத்து 1992-ல் அவர் கணித்தது. அந்த எண்ணை நான் அவ்வளவாக நம்பத் தயாரில்லை. 2021-ல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் புதிய தரவுகளைக் கொண்டு அதே கணக்கைப் போட்டபோது, விடை எந்த முறையைக் கையாள்கிறோம் என்பதைப் பொறுத்து மாறியது; உண்மையான எண் இருக்கக்கூடிய வரம்பு 2-ல் தொடங்கி 520 வரை போனது. எல்லை ஒன்று இருக்கிறது என்பது நியாயமாகப் படுகிறது, அது இன்ன எண்தான் என்பது படவில்லை.

பேச்சின் உள்ளே போனால் இன்னும் சுவாரஸ்யம். இருவர் பேசும்போது ஒருவர் நிறுத்தி அடுத்தவர் தொடங்குவதற்கு ஆகும் இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்து 2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. டேனிஷ், ஜப்பானியம் முதல் பப்புவா நியூ கினியின் சிறு தீவு மொழி வரை, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிநொடி. அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு சொல்லைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே மூளைக்கு 600 மில்லிநொடி ஆகும். அப்படியென்றால், எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம். அவர் எங்கே முடிப்பார் என்பதையும் கணித்துக்கொண்டிருக்கிறோம். சும்மா பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கும் நேரத்தில் இவ்வளவு வேலை நடக்கிறது.

கேட்பவரின் பங்கு இதைவிடப் பெரியது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவலஸ் குழுவினர் 2000-ல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஒருவர் தன் வாழ்க்கையில் நூலிழையில் தப்பித்த நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் கேட்க வேண்டும். சிலரிடம் மட்டும், கதையில் ஆங்கில ‘டி’ (t) எழுத்தில் தொடங்கும் சொற்கள் எத்தனை என்று மனத்துக்குள் எண்ணச் சொல்லிவிட்டார்கள். எண்ணிக்கொண்டிருந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், ஆனால் அச்சோ என்ற பதற்றத்தைக் காட்டவில்லை, சரியான இடத்தில் கண் விரியவில்லை. கெட்டுப்போனது யார் வேலை தெரியுமா? கதை சொன்னவரின் வேலை. சொந்த அனுபவத்தையே அவரால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. முக்கியமாக முடிவில் தடுமாறினார், சொன்னதையே திரும்பச் சொன்னார், இது ஏன் ஆபத்தான விஷயம் என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘ம் கொட்டினால்தான் கதை சொல்வேன்’ என்று பிடிவாதம் பிடித்த பாட்டிகளுக்கு இந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

சரி, கஷ்டத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டால் உடலில் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 7 முதல் 12 வயது வரை உள்ள சிறுமிகளை அந்நியர்கள் முன் நிறுத்திப் பேச வைத்தார்கள், மனக்கணக்குப் போட வைத்தார்கள். பெரியவர்களுக்கே வியர்க்கும். அதன் பிறகு சிலர் தனியாக விடப்பட்டார்கள். சிலரிடம் அம்மா நேரில் வந்து அணைத்துப் பேசினார், சிலரிடம் தொலைபேசியில் பேசினார், சிலரிடம் கணினியில் எழுத்துச் செய்தியாக மட்டும் பேசினார். எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனையும், சிறுநீரில் பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனையும் அளந்தார்கள். நேரிலும் தொலைபேசியிலும் அம்மாவின் குரலைக் கேட்டவர்களுக்குக் கார்டிசால் இறங்கியது, ஆக்ஸிடோசின் கூடியது. எழுத்தில் பேசியவர்களின் அளவுகள், தனியாக விடப்பட்டவர்களுடையதைப் போலவே இருந்தன. இரண்டு பக்கமும் ஆறுதல் சொற்கள்தான், ஆனால் உடல் குரலுக்கு மட்டுமே அசைந்துகொடுத்தது.

2012-ல் வெளிவந்த இந்த முடிவைப் பிடித்துக்கொண்டு, செய்தி அனுப்புவதெல்லாம் வீண் என்று தீர்ப்பெழுதுவது அவசரம். சிறிய ஆய்வு, சிறுமிகளும் அம்மாக்களும் மட்டும். கைபேசியோடே வளர்ந்த நண்பர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 2016-ல் ஃபேஸ்புக் பயனர்கள் சுமார் 1,900 பேரிடம் நடந்த ஆய்வில், நெருங்கியவர் தமக்கென்றே எழுதிய சொற்களைப் பெற்றவர்களுக்கு மனநிறைவு கூடியிருந்தது. ஒரு சொடுக்கில் விழும் லைக்குகளுக்கு அந்தப் பலன் இல்லை. (ஆய்வாளர்களில் ஒருவர் அப்போது அந்த நிறுவனத்திலேயே பணிபுரிந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) எழுத்தும் வேலை செய்கிறது, ஆனால் ஒருவர் உட்கார்ந்து எனக்காக எழுதினார் என்பது அதில் தெரிய வேண்டும்.

உதவியின் விஷயத்தில் ஒரு விநோதம் இருக்கிறது. நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களுடைய துணைவர்களும் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தினமும் தனித்தனியே குறிப்பு எழுதினார்கள்: இன்று ஆறுதல் கொடுத்தேனா, இன்று எனக்கு ஆறுதல் கிடைத்ததா. நயால் போல்கர் குழுவினர் 2000-ல் இரண்டையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஆறுதல் கிடைத்ததாகத் தேர்வெழுதுபவர் உணர்ந்த நாட்களுக்குப் பிறகு அவருடைய மனச்சோர்வு கூடியிருந்தது. துணைவர் கொடுத்ததாகவும், பெற்றவர் அதைக் கவனிக்காமலும் இருந்த நாட்களே நல்ல நாட்கள். உதவி உதவியாகத் தெரியும்போது, ‘நான் அவ்வளவு பரிதாபமாகவா இருக்கிறேன்?’ என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வேலை போனவரிடம் ஆறுதல் சொல்லாமல், நேற்றைய கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை பிடிக்கும் நண்பர் என்ன செய்கிறார் என்பது இப்போது விளங்கும். தினசரி வெட்டிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் இப்படி ஒளித்து உதவ முடியும். பல மாதம் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கூப்பிட்டால், எதற்காகக் கூப்பிடுகிறார் என்பது வணக்கம் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நட்பு பலன் தருவது மனத்துக்கு மட்டுமல்ல. ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளர் 276 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டுவிட்டுத் தனிமையில் வைத்துக் கவனித்தார். குடும்பம், நண்பர், அண்டை வீட்டார், உடன் வேலை செய்பவர் என்று ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வகை உறவுகள் கொண்டவர்களோடு ஒப்பிட்டால், மூன்று வகைக்கு மேல் இல்லாதவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகம். 1997-ல் வெளிவந்த இந்த ஆய்வில் முக்கியமாக எண்ணப்பட்டது தலைகளை அல்ல, உறவின் வகைகளை.

எல்லாப் பேச்சும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே கவலையை இருவர் உட்கார்ந்து மறுபடி மறுபடி கிளறினால் நட்பு இறுகும், கூடவே சோர்வும் கூடும். மிசூரி பல்கலைக்கழகத்தின் அமண்டா ரோஸ் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பெண் பிள்ளைகளிடம் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. தோழி நல்லவள்தான், பேச்சுதான் ஒரே இடத்தில் சுற்றுகிறது.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இவ்வளவு பலன் இருந்தும், நடுவில் விட்டுப்போன நண்பருக்கு ஒரு வரி எழுத ஏன் கை வருவதில்லை? ‘திடீரென்று எழுதினால் என்ன நினைப்பாரோ’ என்ற தயக்கத்தை பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியு குழுவினர் 13 சோதனைகளில் அளந்து 2022-ல் வெளியிட்டார்கள். சும்மா நலம் விசாரித்து ஒரு குறிப்பு, சில சோதனைகளில் கூடவே ஒரு சிறு பரிசு. அனுப்பியவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள். தன்னை நினைத்துக்கொண்டாரே என்ற வியப்புதான் பெறுபவருக்குப் பெரிதாகப் படுகிறது. அனுப்புபவரின் கணக்கில் அந்த வியப்பு சரியாகச் சேர்வதில்லை. எதிர்பாராத விசாரிப்பாக இருந்தால் இந்தக் கணக்குப் பிழையும் இன்னும் பெரிதாகிறது.