உமியும் அலுமினாவும்

ஜெட் எஞ்சினுக்கான நிக்கல் கலப்புலோகத்தை லேத்தில் கடைவது லேசுப்பட்ட வேலை இல்லை. வெட்டும் முனை 1000 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகும். முனையை அலுமினாவில் (அலுமினிய ஆக்சைடு) செய்தால் அதற்கு அந்தச் சூடு ஒரு பொருட்டல்ல. அது உருகவே 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் பீங்கான் வர்க்கம் அல்லவா? ஒரு விரிசல் ஓடத் தொடங்கினால் நடுவில் நிற்காது.

மண்சுவரில் வைக்கோல் கலப்பதுபோல இதிலும் இழை கலந்தால் என்ன? 1980களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். கலந்தது சிலிக்கன் கார்பைடு நுண்ணிழை. தடிமன் ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்காது. இந்த இழையை நெல் உமியிலிருந்தே எடுக்கலாம்! உமியில் சிலிக்கா நிறைய உண்டு. காற்றுப் படாமல் 1500 டிகிரிக்கு மேல் சுட்டால், கரியும் சிலிக்காவும் வினைபுரிந்து சிலிக்கன் கார்பைடு ஆகிவிடும். (இந்த இழையைத் தூசியாகச் சுவாசிப்பது ஆபத்து, ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி.)

சரி, கலந்தாயிற்று. தலைவலி சூளையில்தான்.

தூளைச் சுட்டுக் கெட்டியாக்குவதைச் சிண்டரிங் என்பார்கள். அது உருக்குவது அல்ல. தூள்மணிகள் தொட்டுக்கொள்ளும் இடங்களுக்கு அணுக்கள் மெல்ல நகர்ந்து சேரும். ஒட்டு தடிக்கும், இடைவெளிகள் மூடும். அச்சில் அழுத்திய தூளில் 40 சதவீதம் வெற்றிடம் என்றால், அது முழுக்க மூடும்போது ஒவ்வொரு பக்கமும் 16 சதவீதம் அளவு குறுக வேண்டும். அலுமினா குறுகும். இழை குறுகாது. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, கூடையில் திணித்த சுள்ளிபோல விறைத்து நிற்கும். அலுமினா நெருங்கி வர இடம் கிடைக்காது. துளைகள் அப்படியே தங்கிவிடும். விரிசலைத் தடுக்கப் போட்ட பொருளே கெட்டிப்படுவதையும் தடுக்கிறது.

அதனால் கிராஃபைட் அச்சில் வைத்து, 1700 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போதே அழுத்தவும் செய்கிறார்கள். துளைகள் ஏறக்குறைய முழுசாக மூடிவிடுகின்றன. விரிசல் இப்போது இழையில் மோதித் திசை திரும்பும், அல்லது இழை பாலம்போல இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். இதில் இழைக்கும் அலுமினாவுக்கும் உள்ள ஒட்டு ரொம்ப உறுதியாகவும் இருக்கக் கூடாது. இருந்தால் விரிசல் இழையையும் அறுத்துக்கொண்டு போய்விடும். கொஞ்சம் வழுக்கி உருவி வந்தால்தான் விரிசலின் வேகம் அதில் செலவாகும். இப்படி 20 சதவீத இழை சேர்த்ததில் விரிசலைத் தாங்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

ஆனால் இந்த அச்சில் தட்டை வில்லைதான் வரும். வளைவு நெளிவான உருவம் வராது. வந்த வில்லையை வைரச் சக்கரத்தால் அறுத்துத் தீட்டியாக வேண்டும். லேத்தில் மாட்டும் இன்சர்ட்டுக்கு (கழற்றி மாற்றும் வெட்டுமுனை) அந்தத் தட்டை வடிவம் தாராளமாகப் போதும்.