டெக்சாஸ் கிராமப்புறக் கவுண்டியில் கைதானவரைத் தேடுவது எப்படி?

டெக்சாஸில் 254 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) இருக்கின்றன. நம் ஆட்கள் பெரும்பாலும் குடியிருப்பது ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின், சான் அன்டோனியோவைச் சுற்றியுள்ள சில கவுண்டிகளில்தான். ஆனால் நீண்ட வார இறுதிகளில் எனக்கு வரும் அழைப்புகளில் அடிபடுவது, அழைப்பவரே அதுவரை கேள்விப்படாத ஊர்ப் பெயர்கள். பிக் பெண்ட் தேசியப் பூங்காச் சுற்றுலாவில் பீர் குடித்துவிட்டு வண்டி எடுத்திருப்பார்கள். இல்லையென்றால், நியூ மெக்சிகோவில் ரசீதோடு வாங்கிய, கஞ்சா எண்ணெய் நிரப்பிய வேப் (மின்சிகரெட்), ஐ-10 நெடுஞ்சாலையில் சியரா பிளாங்கா சோதனைச் சாவடியில் மோப்ப நாயிடம் மாட்டியிருக்கும். நியூ மெக்சிகோவில் 21 வயதானவர் கடையில் வாங்கலாம். அதே எண்ணெய் ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் டெக்சாஸில் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். இதை நம்பாமல் என்னிடம் வாதாடியவர்கள் உண்டு.

மாட்டியவர் என்ன செய்யவேண்டும் என்பது வேறு கதை. இது வெளியே இருந்து தேடுகிறவர்களுக்காக.

முதலில் எல்லோரும் செய்வது, பெயரையும் 'அரெஸ்ட்' என்ற சொல்லையும் கூகுளில் அடிப்பது. மேலே வந்து நிற்பவை கவுண்டியின் பெயரைத் தாங்கிய தனியார் தளங்கள். 'ஆவணம் கிடைத்துவிட்டது, பார்க்கப் பணம் கட்டுங்கள்' என்று ஒரு பச்சைக் கோடு ஓடும். எந்தப் பெயரை அடித்தாலும் அந்தக் கோடு ஓடும். நேற்று இரவு கைதானவரைப் பற்றி அவர்களிடம் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கார்டை எடுக்காதீர்கள்.

அடுத்து, எந்த ஊர் என்பதைவிட எந்தக் கவுண்டி என்பதுதான் முக்கியம். ஜெயில் கவுண்டியுடையது, அதை நடத்துபவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஷெரிஃப், அதாவது கவுண்டியின் போலீஸ் தலைவர். பிக் பெண்ட் இருக்கும் புரூஸ்டர் கவுண்டி கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது, ஆனால் 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடவில்லை. நண்பரின் போன் கடைசியாகக் காட்டிய இடம், கார்டில் கடைசியாகப் பெட்ரோல் போட்ட இடம் இவற்றை வைத்துக் கவுண்டியைக் கண்டுபிடியுங்கள். கவுண்டி எல்லைக்கு அருகே என்றால் பக்கத்துக் கவுண்டியையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கவுண்டியிலும் ஜெயில் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். லவிங் கவுண்டியில் 2020-ல் மொத்தமே 64 பேர். சிறிய கவுண்டிகள் சில, ஒப்பந்தம் போட்டு அக்கம்பக்கத்து ஜெயிலில் ஆட்களை வைக்கும். கைதானது ஓரிடம், இருப்பது வேறிடம்.

பெரிய கவுண்டிகளின் இணையதளத்தில் ஜெயில் ரோஸ்டர், அதாவது உள்ளே இருப்பவர்களின் பட்டியல், ஓரளவு உடனுக்குடன் மாறும். சிறிய கவுண்டியில் பட்டியலே இல்லாமல் இருக்கலாம். காலையில் ஒருவர் வந்து ஒரு பிடிஎஃப் ஏற்றுவதோடு முடிந்துவிடலாம். கைரேகை, புகைப்படம், உடைமைக் கணக்கு எல்லாம் முடிந்து பெயர் ஏறவே சில மணி நேரம் ஆகும். பட்டியலில் காணோம் என்றால் ஆள் அங்கே இல்லை என்று அர்த்தமில்லை.

ஆகவே போன் செய்யுங்கள். 911-க்கு அல்ல, ஷெரிஃப் அலுவலகத்தின் சாதாரண எண்ணுக்கு. இரவில் எடுப்பவர், ரோந்து வண்டிகளின் ரேடியோவையும் ஜெயில் போனையும் சேர்த்துக் கவனிக்கும் ஒரே ஆளாக இருக்கலாம். பேச்சு நடுவே காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். மரியாதையாக, சுருக்கமாகக் கேட்டால் சின்ன ஊர்களில் நன்றாகவே பதில் சொல்வார்கள். கேட்கவேண்டியவை: ஆள் அங்கே இருக்கிறாரா, புக்கிங் எண் (ஜெயில் பதிவு எண்) என்ன, என்ன குற்றச்சாட்டு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாகிவிட்டதா, ஜாமீன் தொகை எவ்வளவு, வேறு ஏதாவது 'ஹோல்டு' (வேறு துறை கேட்டதால் விடாமல் வைப்பது) இருக்கிறதா. 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம்; கிராமப்புறத்தில் அவர் பெரும்பாலும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், அதாவது உள்ளூர்ச் சிறு வழக்குகளின் நீதிபதி. அதுவரை ஜாமீன் தொகை 'இன்னும் இல்லை' என்றுதான் வரும். அப்புறம், சியரா பிளாங்கா இருக்கும் ஹட்ஸ்பெத் கவுண்டி மவுண்டன் நேரத்தில் ஓடுகிறது. டாலஸில் மணி எட்டு என்றால் அங்கே ஏழு, பகல் ஊழியர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

நம்மவர்களைத் தேடுவதில் நிஜமான தொல்லை பெயர்தான். அலுவலகத்திலும் அறையிலும் அவர் கார்த்திக். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், ஆகவே ரோஸ்டரில் அவர் 'சுப்பிரமணியன், கார்த்திக்'. கூடத் தங்கியிருப்பவர்களுக்கு அப்பா பெயரே தெரியாது. தெரிந்தாலும் கடைசி எழுத்து 'எம்'மா 'என்'னா, நடுவில் 'ஒய்' வருமா என்று ஆயிரம் குழப்பம். முழுப் பெயரை அடிக்காமல் முதல் நான்கு எழுத்தை மட்டும் அடியுங்கள். முன்பெயர், பின்பெயர் கட்டங்களை மாற்றிப் போட்டும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசாவில் முன்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகியிருக்கும், அதாவது முன்பெயர் தெரியாது. ஜெயிலில் அதையே முன்பெயராக ஏற்றிவிடுவதுண்டு. அந்த மூன்று எழுத்தையும் தேடலில் போட்டுப் பாருங்கள். 'இனம்' என்ற கட்டத்தில் நமக்கு என்ன போட்டிருப்பார்கள் என்று சொல்லவே முடியாது, அதை வைத்து வடிகட்டாதீர்கள். பட்டியல் சின்னதென்றால் தேதியை வைத்து முழுவதையும் படித்துவிடுவதே மேல். போனில் பிறந்த தேதி சொல்லும்போது மாதத்தைப் பெயரால் சொல்லுங்கள். ஊரிலிருந்து அப்பா '03/07' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஜூலை 3. எதிர்முனையில் இருப்பவருக்கு அது மார்ச் 7.

17 வயதுப் பையன் டெக்சாஸ் குற்றவியல் சட்டத்தில் பெரியவர் கணக்கு, அவன் பெயரும் பட்டியலில் வரும். அதற்குக் கீழே என்றால் வராது. பெற்றோர் நேரடியாகத்தான் கேட்கவேண்டும்.

ஆள் வெளியே வந்ததும் ரோஸ்டரில் பெயர் மறையலாம். வழக்கு மறையாது. சிறு குற்றங்களை ஏ, பி, சி என்று பிரிப்பார்கள், சி-தான் மிகச் சிறியது. சிறு போக்குவரத்து வழக்கு போன்ற கிளாஸ் சி என்றால் பெரும்பாலும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் இருக்கும். முதல் தடவை குடித்துவிட்டு ஓட்டியது போன்ற கிளாஸ் ஏ, பி வழக்குகள் கவுண்டி கிளார்க்கிடம் (நீதிமன்ற ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலர்). ஃபெலனி டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். மிகச் சிறிய கவுண்டிகளில் இரண்டு கிளார்க் வேலையையும் ஒருவரே பார்ப்பார், அது ஒரு சௌகரியம். கைது பற்றிய அடிப்படைத் தகவலை (யார், எப்போது, எங்கே, எதற்காக) மறைக்க முடியாது என்று டெக்சாஸ் பொதுத்தகவல் சட்டம் சொல்கிறது. எழுதிக் கேட்டால் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் முழு விசாரணை அறிக்கையும் வீடியோவும் அப்படிக் கிடைக்காது.

விசாவில் இருப்பவர்களுக்கு 'ஹோல்டு' கேள்வி மிக முக்கியம். குடியேற்றத் துறை 'டிடெய்னர்' போட்டிருந்தால், ஜாமீன் கட்டியபின்னும் அவர்கள் வந்து எடுத்துக்கொள்ள 48 மணி நேரம் வரை வைத்திருக்கச் சொல்லும். விஷயம் தெரியாமல் அவசரப்பட்டு ஜாமீன் கட்டும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். கவுண்டி ஜெயிலிலிருந்து திடீரென்று காணாமல் போனால் குடியேற்றத் துறையின் இணையத் தேடலில் பாருங்கள். ஏ-எண் (குடியேற்றத் துறை தரும் பதிவு எண்) அல்லது பெயரோடு பிறந்த நாடும் கேட்கும். 1963 வியன்னா உடன்படிக்கைப்படி தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லி, கைதானவர் கேட்கலாம். இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு அவர் கேட்டால்தான் சொல்வார்கள். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்குக் கேட்காவிட்டாலும் சொல்லியாகவேண்டும்.

ஜெயிலிலிருந்து வரும் போன் பதிவாகிறது. தமிழில் பேசினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்து 'எவ்வளவுடா குடிச்சே?' என்று கேட்காதீர்கள். மொழிபெயர்க்க ஆள் கிடைக்கும். சாப்பிட்டாயா, மருந்து ஏதாவது வேண்டுமா, வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆவணம் பொதுவில் இருப்பதால் மோசடிக்காரர்களும் அதைப் படிக்கிறார்கள். பெயர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் சரியாகச் சொல்லி, 'ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், கிஃப்ட் கார்டில் கட்டினால் இன்றே விட்டுவிடுவோம்' என்பார்கள். எந்த ஷெரிஃபும் கிஃப்ட் கார்டு வாங்குவதில்லை. வைத்துவிட்டு, நீங்களே தேடி எடுத்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிடுங்கள்.

வழக்கு தள்ளுபடியானால் தகுதியைப் பொறுத்து எக்ஸ்பங்ஷன் மனுப் போட்டுக் கைதுப் பதிவையே அழிக்கச் சொல்லலாம். இதில் நம் ஆட்கள் இடறும் இடம் இரண்டு. அழித்தாலும், விசாப் படிவத்தில் 'எப்போதாவது கைதானீர்களா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே எழுதவேண்டும். மாநில நீதிமன்றம் தண்டனை இல்லை என்று முடிக்கும் 'டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்', குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால், குடியேற்றச் சட்டத்தில் பெரும்பாலும் தண்டனையாகவே எண்ணப்படும். அதோடு, குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் தீர்ப்பே வராதபோதும், கைதை மட்டும் வைத்து வெளியுறவுத் துறை விசா முத்திரையை ரத்து செய்யலாம். அழித்தால் ஆச்சு என்று கிளார்க் தந்த காகிதங்களைக் குப்பையில் போடாதீர்கள்; முத்திரையிட்ட நகல் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, ஊரிலிருந்து வரும் இன்னொரு வகை போன்: 'அமெரிக்க மாப்பிள்ளை, ஏதாவது போலீஸ் கேஸ் இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள்.' பெற்றோர் கவலை நியாயம்தான். ஆனால் 254 கவுண்டிகளிலும் ஒரே தேடலில் எல்லாம் வந்து விழும் பெட்டி கிடையாது. ரோஸ்டரில் பெயர் இருந்தது என்பது கைதானார் என்பதற்கு மட்டும் சான்று. குற்றம் செய்தாரா என்பதற்கு அல்ல. ஒரே பெயரில் ஒரே கவுண்டியில் மூன்று பேர் இருப்பதும் நமக்குப் புதிதல்ல. மாப்பிள்ளையிடமே நேராகக் கேளுங்கள். இருந்தது என்று அவர் சொன்னால் வழக்கு எண்ணை வாங்கி, வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் நகலைக் கிளார்க்கிடம் கேட்டு வாங்குங்கள். அவருக்குத் தெரியாமல் துப்பறிந்து தரச் சொல்லி எனக்கு போன் செய்யவேண்டாம், அந்த வேலை நான் எடுப்பதில்லை.