சில்ட் டிராப் மட்டும் போதாது

பினாங்குத் தீவின் குன்றுச் சரிவுகளில் நடக்கும் கட்டுமானப் பணிகளில் மண்ணரிப்புத் தடுப்பைப் பரிசோதிப்பது என் தொழில். மழை விட்டதும், நாங்கள் சில்ட் டிராப் என்று அழைக்கும் வண்டல் குட்டைக்குள் பாய்கிற நீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, சைட் அலுவலகச் சன்னலோரம் வைப்பேன். மணல் கண்ணெதிரே அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் நீரோ மறுநாள் காலையிலும் தே தாரேக் என்ற பால்தேநீரின் நிறத்திலேயே இருக்கும்.

இத்தீவின் குன்றுகள் கிரானைட் பாறையால் ஆனவை. அது சிதைந்து உண்டான மண்ணில் மணலோடு நுண்களியும் கலந்திருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் போதும், 0.002 மில்லிமீட்டர் களித்துகளுக்கு அசையாத நீரிலும் 3 நாளுக்கு மேல் பிடிக்கும். செப்டம்பர், அக்டோபர் மழையில் எந்தக் குட்டை 3 நாள் அசையாமல் இருக்கும்? அதனால்தான், வெட்டிய சரிவை அன்றன்றே தார்ப்பாயால் மூடுங்கள், வேலை முடிந்த பகுதியில் உடனே புல் பதியுங்கள் என்று குத்தகையாளர்களிடம் ஓயாமல் சொல்லி வருகிறேன்.

1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், 70ஏ பிரிவின்படி, ஊராட்சி மன்றத்திடம் வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெறாமல் மண்வேலையைத் தொடங்கக் கூடாது. மண்ணரிப்பு, வண்டல் கட்டுப்பாட்டுத் திட்டத்தை எப்படி வகுப்பது என்பதை வடிகால், நீர்ப்பாசனத் துறையின் மழைநீர் மேலாண்மைக் கையேடு விளக்குகிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது. விதிகளுக்குக் குறைவில்லை. வேலையின் வரிசையில்தான் தவறு நடக்கிறது.

நான் பார்த்த ஒரு சைட்டில், வரைபடப்படி தாழ்ந்த மூலையில் முதலில் குட்டை வெட்டியிருக்க வேண்டும். எஸ்கவேட்டர் ஏறப் பாதை வசதியாக இருந்ததால் மேற்புறத்திலிருந்து மரங்களை அகற்றத் தொடங்கிவிட்டார்கள். சேறு வெளியேறாமல் தடுக்கக் கட்டும் சில்ட் வேலியின் துணியையும் ஒரு சாண் ஆழமாவது புதைக்காமல் தரையோடு விட்டிருந்தார்கள். முதல் மழையிலேயே சேறு அதன் அடியில் புகுந்து கீழ்த்தெருக் கால்வாயை நிரப்பியது. வாசலில் விளக்குமாற்றால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னிடம், "தம்பி, மேலே இன்னும் எவ்வளவு மண் இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் 11 தொழிலாளர்கள் உயிரிழந்த மண்சரிவுக்குப் பின், சரிவின் உறுதியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், அது நல்லதே. ஆனால் மழைதோறும் கரைந்தோடும் மேல்மண்ணைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அந்த மண் கால்வாயை மேடாக்கி, அடுத்த மழையில் வெள்ளத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

குட்டையில் அளவுகோல் ஒன்றை நட்டு, வண்டல் தேங்கும் இடம் பாதி நிரம்பியதுமே வாரிவிட வேண்டும். கீழே குடியிருப்பவர்கள், கால்வாயில் கலங்கல் நீர் வரும்போதே நேரம் தெரியும்படி படமெடுத்து மாநகர் மன்றத்திடம் புகார் கொடுங்கள். மழை ஓய்ந்து நீர் தெளிந்தபின், அந்தச் சேறு எந்தச் சைட்டிலிருந்து வந்தது என்று நிறுவுவது கடினம்.