மேலணி: எபிதீலியத்தைத் தோல் என்று எழுதாதீர்கள்

நுரையீரல் புற்றுநோய் பற்றிய நோயாளர் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லி அண்மையில் என்னிடம் கொடுத்தார்கள். முதல் பக்கத்திலேயே 'நுரையீரலின் புறத்தோல் திசுவில் தோன்றும் செதில் புற்று' என்று இருந்தது. சில பக்கங்கள் தள்ளி 'குடலின் உட்புறப் புறத்தோல்'. எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் அந்த இடத்தில் நாக்கு நின்றிருக்கும். உடலின் பரப்புகளையும் உள்ளுறுப்புகளின் உட்பரப்புகளையும் மூடியிருக்கும் செல் படலம்தான் எபிதீலியம். அந்தச் சொல்லுக்குத் 'தோல்', 'புறத்தோல்', 'தோல் திசு' என்று எழுதுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பள்ளிக் குறிப்பேட்டில் இருந்தால் ஒரு மதிப்பெண்ணோடு போகும். கையேட்டில் இருந்தால், நுரையீரலில் புற்று வந்தவரின் வீட்டார் தோல் புற்று என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேல். 'தேலே' என்றால் முலைக்காம்பு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு உடற்கூற்றியலாளர் ஃபிரெடெரிக் ரூய்ஷ் உதட்டை ஆராய்ந்தார். அதை மூடியிருந்த மெல்லிய படலத்தை எபிடெர்மிஸ், அதாவது புறத்தோல், என்று சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. அதன் அடியில் இருந்தது தோல் அல்ல, காம்பு போன்ற நுண்முளைகள். ஆகவே 'காம்பின் மேலிருப்பது' என்ற பொருளில் புதுச்சொல் செய்தார். அடுத்த நூற்றாண்டில் யாக்கோப் ஹென்லே என்ற ஜெர்மானியர் உடலெங்கும் இருக்கும் இத்தகைய செல் படலங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை விரித்தார். தோல் என்ற சொல்லைத் தவிர்ப்பதற்காகவே பிறந்த சொல் இது. அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது தோலையே திரும்பப் போர்த்துகிறோம்.

புறத்தோல் எபிதீலியத்தின் ஒரு வகை மட்டுமே. உணவுக்குழாயின் உட்பரப்பு, நுரையீரல் சிற்றறைகளின் சுவர், சிறுநீரக நுண்குழல்கள், தைராய்டின் நுண்பைகள் எல்லாவற்றிலும் எபிதீலியம் உண்டு. இவை எவற்றையும் தோல் என்று யாரும் சொல்லமாட்டோம். இவற்றுக்குப் பொதுவானது அமைப்பு. செல்கள் இடைவெளியின்றி நெருங்கி நிற்கும். பக்கத்துச் செல்லோடு இறுகப் பிணைந்திருக்கும். ஒரு முகம் வெற்றிடத்தையோ குழாயின் உட்குழிவையோ நோக்கும். மறுமுகம் அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய தாங்குபடலத்தில் ஊன்றியிருக்கும். உள்ளே இரத்தக் குழாய் கிடையாது. ஊட்டம் கீழேயுள்ள இணைப்புத் திசுவிலிருந்து கசிந்து வரவேண்டும்.

இனி, எதிர்த்தரப்பு. தோல் என்பதைக் கைவிட்டவர்கள் பலர் 'புறவணி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். புறவணியிழையம் என்று விரித்தும் எழுதுகிறார்கள். தோலைவிட இது எவ்வளவோ மேல், ஆனால் இதுவும் சரியில்லை. புறம் என்றால் வெளி, அகத்துக்கு எதிர். புறவணி என்றதும் உடலின் வெளிப்பக்கம் என்றே படிப்பவர் மனம் போகும். இதற்கு அவர்கள் சொல்லும் மறுமொழி கெட்டிக்காரத்தனமானது: குடலின் உட்குழிவு வாயிலும் ஆசனவாயிலும் திறந்திருப்பதால் அதுவும் உண்மையில் வெளியுலகம்தான், ஆகவே குடற்பரப்பும் புறமே. குடலுக்கு இந்த வாதம் பொருந்தும். மூச்சுக்குழாய்க்கும் சிறுநீர்ப் பைக்கும் பொருந்தும். தைராய்டின் நுண்பை? அது எங்கும் திறக்காத மூடிய உருண்டை. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையின் இடைவெளி? அதற்கும் வெளியுலகத்துக்கும் வழியே இல்லை. இரத்தக் குழாயின் உட்பரப்பு?

இந்த இரத்தக் குழாயில்தான் புறவணி முற்றாக உடைகிறது. குழாயின் உட்பரப்பை மூடும் செல் படலத்துக்கு 1865இல் வில்ஹெல்ம் ஹிஸ் எண்டோதீலியம் என்று பெயரிட்டார். புறவணிக்காரர்கள் அதை 'அகவணி' என்கிறார்கள். சோடி அழகாக இருக்கிறது. ஆனால் எண்டோதீலியம் ஒற்றை அடுக்குத் தட்டை எபிதீலியம் என்றுதான் திசுவியல் நூல்கள் வகைப்படுத்துகின்றன. அப்படியானால் அகவணி புறவணியின் ஒரு வகை என்று மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும். அகம் புறத்தின் ஒரு வகை என்று எந்த ஆசிரியர் எந்த முகத்தோடு சொல்வார்?

எபிதீலியத்துக்கு 'மேலணி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. நான் புதிதாகச் செய்ததல்ல. 'எபி'க்கு நேர்ச்சொல் 'மேல்'தான். புறம் இடத்தைச் சொல்கிறது. மேல் உறவைச் சொல்கிறது. எதன் மேல் என்று கேட்டால் அடித்தளச் சவ்வின் மேல் என்று விடை வரும். அது தோலிலும் உண்மை, குடலிலும் உண்மை, இரத்தக் குழாயிலும் உண்மை. 'அணி' அதைவிடப் பொருத்தம். அணிவகுப்பில் நிற்பவர்களைப் போல வரிசையாக, தோளோடு தோள் நெருங்கி நிற்கும் செல்களுக்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. அணிதல் என்றால் மேலே தரித்தல் என்பதும் கூடவே ஒலிக்கிறது. எண்டோதீலியத்தை அகமேலணி என்றால் முரண் இல்லை: அகத்தே உள்ள மேலணி. 'மேல் வலிக்கிறது' என்னும்போது மேல் உடம்பைக் குறிக்குமே, குழப்பம் வராதா என்று ஒருவர் கேட்டார். அணியோடு சேர்ந்த பிறகு அப்படி யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆங்கிலத்தின் 'டிஷ்யூ'வுக்குத் திசுவா இழையமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. திசுவின் மூலம் 'நெய்தது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இழையமும் இழையிலிருந்து வந்ததே. இரண்டிலும் அதே நெசவுதான். தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் போல எபிதீலியம் என்றே எழுதுவதையும் குறை சொல்லமாட்டேன். பொருள் தெரியாத சொல்லைப் படிப்பவர் நின்று கேட்பார். தவறான பொருள் தரும் சொல்லைத் தெரிந்ததாக எண்ணிக் கடந்துவிடுவார்.

வகைகளின் பெயர்களிலும் இதே அவசரம். அடுக்கின் எண்ணிக்கை ஒன்று, செல்லின் வடிவம் ஒன்று என இரண்டையும் சேர்த்துத்தான் பெயர் அமைகிறது. ஒற்றையடுக்குத் தட்டை மேலணி சிற்றறைச் சுவரில். கனசதுர மேலணி சிறுநீரக நுண்குழலில். தூண் மேலணி குடலில். பல அடுக்கு என்றால் மேலடுக்குச் செல்லின் வடிவத்தை மட்டுமே பார்க்கவேண்டும். உணவுக்குழாயின் பல்லடுக்குத் தட்டை மேலணியில் அடிச்செல்கள் தட்டையாக இருப்பதில்லை. 'தட்டையான பல அடுக்குகள்' என்று எழுதுபவர்கள் படத்தைப் பார்ப்பதே இல்லை, அகராதியை மட்டும் பார்க்கிறார்கள். மூச்சுக்குழாயின் பொய்யடுக்கு மேலணியில் எல்லாச் செல்களும் அடித்தளச் சவ்வைத் தொடுகின்றன. உட்கருக்கள் மட்டும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் அடுக்குப் போலத் தெரிகிறது.

சிறுநீர்ப் பையின் மேலணியை 'இடைநிலை' என்கிறார்கள். தட்டைக்கும் தூணுக்கும் இடைப்பட்டது என்று முற்காலத்தார் எண்ணி வைத்த பெயரின் மொழிபெயர்ப்பு அது. அந்த எண்ணம் தவறு. பை நிரம்பும்போது செல்கள் தட்டையாகி விரிகின்றன, காலியானதும் மீண்டும் திரள்கின்றன. பிறர் விட்ட பிழையை நாம் ஏன் உழைத்து மொழிபெயர்க்கவேண்டும்? நெகிழ் மேலணி என்று எழுதலாம்.

கையேட்டின் அந்த வரியை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: 'மூச்சுக்கிளைக் குழாய்களின் உட்பரப்பை மூடியிருக்கும் மேலணியில் தோன்றும் தட்டைச்செல் புற்று.' அங்கே இயல்பாக இருப்பவை தூண் செல்கள்தாமே, தட்டைச்செல் எங்கிருந்து வந்தது என்று மொழிபெயர்ப்பாளர் திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. நெடுங்காலப் புகையில் தூண் செல்கள் இருந்த இடத்தில் தட்டைச்செல்கள் வந்துவிடுகின்றன, புற்று அங்கே பிறக்கிறது என்று இன்னொரு வரியும் சேர்த்தோம்.